முதல் நிறுத்தம்

இந்த நாற்காலியின் பின்கால் ஆடுகிறது இன்ஸ்பெக்டர் மேடம். உட்காரும்போதே கவனித்தேன். கால் ஒன்றும் ஒடியவில்லை, அடியில் இருக்கும் நட்டு தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு ஸ்பானர் கொடுத்தால் பேசிக்கொண்டே முடுக்கிவிடுவேன். வேண்டாமா? சரி. நீங்கள் சிரிப்பை அடக்குவதைப் பார்த்தால், எங்கள் டிரெய்லர் யார்டில் என்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். முகத்துக்கு நேராக நட்டண்ணன். முதுகுக்குப் பின்னால் நட்டு கழண்ட அண்ணன். இரண்டும் என் காதில் விழும். டிரெய்லர் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, எந்த நட்டு இறுகியிருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்கிற காது இது. ஷெட்டுக்குப் பின்னால் நாலு டிரைவர்கள் குசுகுசுவென்று பேசுவது கேட்காதா?

நேற்று முதலாளி அனுப்பிய வக்கீல் வந்தார். நல்ல மனிதர், ஆனால் சட்டைப் பையில் இருந்த பேனாவுக்கு மூடி இல்லை. எதிரில் உட்கார்ந்து, பிள்ளைக்குச் சோறூட்டுகிற பக்குவத்தில் பேசினார். "பாருங்க, சக்கரத்த மாட்டுனீங்க. நடுவுல யாரோ கூப்பிட்டாங்க, போயிட்டீங்க. முடுக்க மறந்துட்டீங்க. மனுஷனுக்கு மறதி வராதா? அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லிடுங்க. ஜாமீன் வாங்கிடலாம், வீட்டுக்குப் போயிடலாம். உங்க தம்பியையும் விட்டுடுவாங்க." என் தம்பியும் உங்களிடம் இதையேதான் சொல்லியிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன்.

ஒருவர் செத்துப்போயிருக்கிறார். தம்பி ஓட்டிய டிரெய்லரிலிருந்து சக்கரம் கழன்று உருண்டுபோய் அவரை அடித்தது. அந்தச் சக்கரத்தை மாட்டியவன் நான். மறந்துவிட்டேன் என்றால் வீடு, இல்லையென்றால் ஜெயில். இது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வராது மேடம். மறதிக்காரன் என்ற பெயரோடு நான் அந்த யார்டு வாசலில் கால் வைக்க மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அதற்கு என்ன பெயர் வைப்பீர்களோ வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேலையைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் மற்றது விளங்காது. எங்கள் டிரெய்லரில் ஒரு சக்கரத்துக்குப் பத்து நட்டு. அந்தப் பத்துதான் சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கிறது, வேறு எதுவும் இல்லை. மாட்டுவதற்கு முன் சக்கரம் உட்காருகிற முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துத் துரு, மண், பழைய பெயின்ட் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். போல்ட்டின் மரையில் கை வைத்துப் பார்க்க வேண்டும், பிசிறு இருந்தால் அந்த போல்ட்டையே தூக்கிப் போட வேண்டும். ஒரு நட்டை முடுக்கினால் அடுத்தது பக்கத்து நட்டு இல்லை, நேரெதிரே இருப்பது. அப்படி மாற்றி மாற்றி முடுக்கினால்தான் சக்கரம் கோணாமல் உட்காரும். இப்போது வருகிறவர்கள் ஏர் கன்னை வைத்து டர்ரென்று ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அளவுக்கு மேல் ஏற்றினால் போல்ட் இழுபட்டுவிடும், பிறகு அது எதையும் பிடிக்காது. கடைசி இறுக்கத்தை நான் கையால்தான் கொடுப்பேன். நீளமான ரெஞ்சு ஒன்று இருக்கிறது, சரியான இறுக்கம் வந்ததும் டக் என்று சொல்லும். அந்த டக் சத்தம் பத்து முறை கேட்காமல் நான் எந்தச் சக்கரத்தையும் விட்டு எழுந்ததில்லை.

இதோடு முடியாது. புதிதாக மாட்டிய சக்கரம் கொஞ்ச தூரம் ஓடினால் இன்னும் கொஞ்சம் உள்ளே உட்காரும். அப்போது நட்டு தன் பிடியில் ஒரு துளி விடும். நான் எவ்வளவு நன்றாக முடுக்கினாலும் விடும், அது இரும்பின் குணம். அதனால் வண்டி கிளம்பி, ஊருக்கு வெளியே இருக்கிற பாலம் தாண்டியதும் ரோட்டோரம் அகலமாக வருகிற இடத்தில் நிறுத்த வேண்டும். டிரைவர் இறங்கி, சுத்தியலால் தட்டிப் பார்த்து, நீளமான கம்பி போட்டு ஒவ்வொரு நட்டையும் மறுபடி முடுக்க வேண்டும். இதற்கு எங்கள் பக்கம் முதல் நிறுத்தம் என்று பெயர். அது என் வேலை இல்லை, டிரைவரின் வேலை. பாதி வேலை என்னுடையது, பாதி அவனுடையது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது.

வீட்டில் என்னை வைத்துக் கேலி செய்வாள் என் மனைவி. கட்டில், ஜன்னல் கொக்கி, குக்கர் கைப்பிடி, எதையும் நான் விட்டுவைத்ததில்லை. தண்ணீர்க் குழாயை நான் மூடினால் பிறகு அவளால் திறக்க முடியாது. "வீட்ல எல்லாத்தையும் முடுக்கிட்டீங்க, உங்க வாய மட்டும்தான் இன்னும் முடுக்கல" என்பாள். அவளுக்குப் போன மாதம் கண் ஆபரேஷன் ஆனது. அந்தக் கவலையில் நான் தூங்காமல் இருந்தேன், அதனால்தான் மறந்துவிட்டேன் என்று தம்பி ஒரு காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறான் இல்லையா? நான் நன்றாகத் தூங்கினேன் மேடம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவள் இப்போது பேப்பரில் பொடி எழுத்தைக்கூடப் படிக்கிறாள்.

இப்போது நான் சொல்லப்போவதை யார்டில் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னால் அவர்களும் மாட்டிக்கொள்வார்கள்.

டிரைவர்கள் முதல் நிறுத்தத்தில் நிற்கிறார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டால் எல்லோரும் நின்றேன் என்பார்கள். சத்தியம்கூடச் செய்வார்கள். அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். எப்போதாவது, யார் வண்டி என்று சொல்லாமல், ஒரே ஒரு நட்டைத் தளர்த்தி அனுப்புவேன். பத்தில் ஒன்று தளர்ந்தால் சக்கரம் எங்கேயும் ஓடிப்போய்விடாது, மற்ற ஒன்பதும் பிடித்துக்கொள்ளும். ஒழுங்கான டிரைவராக இருந்தால் முதல் நிறுத்தத்தில் தட்டும்போதே பிடித்துவிடுவான். உடனே எனக்குப் போன் வரும். "யோவ் நட்டண்ணே, இன்னிக்கு என் தலையிலயா கை வச்ச?" என்று. நான் சந்தோஷமாகச் சிரிப்பேன். திரும்பி வந்ததும் அவனுக்கு டீ என் செலவு. பிடிக்காதவன் திரும்பி வந்ததும் எல்லோர் முன்னாலும் அந்தச் சக்கரத்தைத் தட்டிக் காட்டுவேன். மூக்குடைபட்டு நிற்பான். அடுத்த முறை ஒழுங்காக நிற்பான். மேனேஜருக்கும் இது தெரியும், கண்டும் காணாமல் இருந்தார். எங்கள் யார்டில் சக்கரம் கழன்றதே கிடையாது மேடம். அதற்குக் காரணம் இதுதான்.

ஆபத்தில்லையா என்கிறீர்கள். சோதிக்காமல் விடுவதுதான் ஆபத்து.

ஒருவன் மட்டும் ஒரு முறைகூடப் பிடிக்கவில்லை. என் தம்பி.

அவனை யார்டில் மாப்ளே என்பார்கள். செக்யூரிட்டி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவன் மாப்ளேதான். சிரித்த முகம், யார் வீட்டு விசேஷமானாலும் முதல் ஆளாக நிற்பான். அவன் வண்டியை விட்டு இறங்கினால் யார்டே கலகலவென்று ஆகிவிடும். நான் வந்தால் பேச்சு அடங்கும். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை, அதையும் சேர்த்துச் சொல்கிறேன், பிறகு பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான்.

அவன் வண்டியில் ஒரு நட்டைத் தளர்த்தினேன். போனான், சரக்கை இறக்கினான், வந்தான். போன் வரவில்லை. சக்கரத்தைத் தட்டிக் காட்டினேன். மற்றவனாக இருந்தால் தலை குனிவான். இவன் என் தோளில் கை போட்டான். "அண்ணே, நீ பாத்து விட்ட வண்டிய நான் எதுக்குண்ணே மறுபடி பாக்கணும்? உன்ன நம்பாம வேற யார நம்புறது?" என்றான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் ஆகா என்றார்கள். ஏதோ பாசக் கதை பார்க்கிற மாதிரி. மூக்குடைபட்டது நான்.

அடுத்த முறை இரண்டு தளர்த்தினேன். அதற்கடுத்து அதற்கும் மேலே. ஒவ்வொரு முறையும் அதே சிரிப்போடு வந்து இறங்குவான். நான் பேசாமல் கம்பியை எடுத்துப்போய் எல்லாவற்றையும் முடுக்குவேன். ஒருநாள் அவனை உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "டேய், நான் எவ்வளவு முடுக்கினாலும் ஓடினா உட்காரும்டா. நீ நின்னுதான் ஆகணும்." அவன் தலையை ஆட்டினான். "சரிண்ணே, சரிண்ணே" என்றான். மேனேஜர் அப்போதுதான் மஞ்சள் பிளாஸ்டிக் அம்புகளை வாங்கியிருந்தார். ஒவ்வொரு நட்டின் தலையிலும் ஒன்று மாட்ட வேண்டும், இரண்டிரண்டு அம்பும் ஒன்றை ஒன்று பார்த்தபடி இருக்க வேண்டும். நட்டு திரும்பினால் அம்பும் திரும்பிக்கொள்ளும், தூரத்திலிருந்தே தெரியும். தம்பிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "இனிமே குனியவே வேணாம்ணே, கண்ணாடியிலயே பாத்துக்கலாம்" என்றான். கண்ணாடியில் அம்பு தெரியாது மேடம். அவன் அதையும் யோசித்துப் பார்க்கவில்லை.

அவன் மனைவி ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது சொன்னாள். "மாமா கை பட்ட வண்டின்னா நான் கதவச் சாத்திட்டு நிம்மதியா தூங்கிடுவேன்." நல்ல பெண். அவள் சொன்னது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த வாரமும் அவன் வண்டியில் பாதி நட்டு தளர்ந்துதான் இருந்தது.

பிறகு அந்தப் பரிசு. கேட்டிருப்பீர்கள். விபத்தே இல்லாமல் வண்டி ஓட்டியதற்காக முதலாளி அவனுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். ஷெட்டைக் கழுவி, நாற்காலி போட்டு, மைக் வைத்து, தடபுடலாக நடந்தது. எல்லோர் வீட்டிலிருந்தும் பெண்டு பிள்ளைகள் வந்திருந்தார்கள். தம்பியைப் பேசச் சொன்னார்கள். அவன் மைக்கைப் பிடித்துச் சொன்னதை நான் ஒரு எழுத்து விடாமல் சொல்கிறேன். "இதுல என் பெருமை ஒண்ணும் இல்லீங்க. இத்தன வருஷத்துல நான் ஒருநாள்கூட சக்கரத்துப் பக்கம் குனிஞ்சு பாத்ததில்ல. முதல் நிறுத்தமாவது, கடைசி நிறுத்தமாவது! அண்ணன் இருக்கும்போது எனக்கென்ன?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. முதலாளி தட்டினார். மேனேஜர் தட்டினார். முதல் நிறுத்தத்தில் வெயிலிலும் மழையிலும் ஒழுங்காக நின்ற டிரைவர்கள், என் கையால் டீ வாங்கிக் குடித்தவர்கள், அவர்களும் தட்டினார்கள். என் மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "உங்களத்தானே அவரு புகழ்ந்தாரு? அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

"என்னைப் புகழல. தன் சோம்பேறித்தனத்துக்கு என்னைச் சாட்சிக்கு இழுத்தான்" என்றேன்.

"ஒருத்தர் உங்கள நம்புறது ஒரு குத்தமா?"

நான் எழுந்துபோய் ஜன்னல் கொக்கியை முடுக்கினேன். குற்றம்தான். ஒருவன் தன் பங்கு வேலையை என் தலையில் வைத்துவிட்டு, அதற்கு நம்பிக்கை என்று பெயர் சூட்டி, கடிகாரமும் வாங்கிக்கொண்டு போனால், அது குற்றம் இல்லாமல் வேறு என்ன? எனக்கு அன்றைக்கு வயிறு எரிந்தது. மறைக்கவில்லை. ஆனால் அந்த எரிச்சலில் ஓடிப்போய் எதையும் செய்துவிடவில்லை. ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுத உங்களுக்கு வசதியாக இருக்கும், அதற்கும் இடம் கொடுக்க மாட்டேன். நான் காத்திருந்தேன். அவன் வண்டி பிரேக் வேலைக்கு வருகிற வரை, வழக்கம்போல எல்லோருடைய வண்டியையும் பார்த்துக்கொண்டு, ஒழுங்காகக் காத்திருந்தேன்.

வண்டி வந்தது. ரோட்டோரப் பக்கம் கடைசிச் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் வேலை முடிந்ததும் நானே மாட்டினேன். சக்கரம் உட்காருகிற முகத்தைத் தேய்த்தேன், மரையைப் பார்த்தேன், நேரெதிர் வரிசையில் முடுக்கினேன். பத்து முறை டக் சத்தம் கேட்டது. அரைகுறை வேலை என் கையிலிருந்து போகாது. தம்பி பக்கத்தில்தான் நின்றிருந்தான். "முடிஞ்சுதாண்ணே?" என்றான். முடிந்தது என்றேன். அவன் டீ குடிக்க வாசல் பக்கம் போனான். நட்டநடுப் பகல், யார்டு முழுக்க ஆள். நான் ஒளிந்துகொண்டு எதையும் செய்யவில்லை. அவன் செக்யூரிட்டியோடு சேர்ந்து ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் ரெஞ்சைத் திருப்பிப் பிடித்தேன்.

எத்தனை நட்டு என்று கேட்கிறீர்கள். வருகிறேன்.

அவனைக் கொல்ல நினைத்தேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது மூன்று அச்சு டிரெய்லர். கடைசிச் சக்கரம் ஒன்று போனாலும் வண்டி நேராகத்தான் போகும், டிரைவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அப்படித்தானே நடந்தது? சந்திப்பில் ஆட்கள் ஓடிவந்து மறித்த பிறகுதான் சக்கரம் இல்லை என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. என் தம்பி மேல் ஒரு கீறல் விழாது என்று பார்த்துத்தான் அந்தச் சக்கரத்தை எடுத்துக்கொண்டேன். பாலம் வரை அது தாங்கும் என்பதும் தெரியும். பாலம் தாண்டி அவன் நின்றால், இறங்கிக் கையால் தொட்டாலே போதும், தெரிந்துவிடும். எனக்குப் போன் வரும். நான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுப்பேன். அண்ணன் தம்பிக்குள் கணக்கு தீர்ந்துவிடும்.

ரோட்டில் இருப்பவர்களைப் பற்றி நினைத்துப் பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். ரோட்டில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வது டிரைவரின் வேலை மேடம். நான் யார்டு ஆள்.

அவன் நிற்கவில்லை. முதல் நிறுத்தத்தைத் தாண்டுகிற இடத்தில் சக்கரம் கழன்றது. அங்கே வேறொரு கம்பெனி டிரெய்லர் நின்றிருந்தது. அதன் டிரைவர் சுத்தியலோடு குந்தி உட்கார்ந்து தன் வண்டிச் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு ரோட்டுப் பக்கம். சத்தத்தைக் காதில் வாங்குவதற்காகத் தலையைச் சாய்த்து வைத்திருந்திருப்பார், நானும் அப்படித்தான் வைப்பேன். பின்னால் வந்தது அவருக்குக் கேட்டிருக்காது.

அவரைப் பற்றி விசாரித்தேன். இங்கே கான்ஸ்டபிள் ஒருவர் நல்ல மாதிரி, சொன்னார். செத்துப்போனவருக்கு அவர் கம்பெனியில் ஆமை என்று பெயராம். எங்கே போனாலும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாராம், எப்போதும் கடைசியாகத்தான் போய்ச் சேருவாராம், எல்லோரும் கேலி பண்ணுவார்களாம். இதைக் கேட்டபோதுதான் மேடம், எனக்கு ஒன்று புரிந்தது. இத்தனை காலத்தில் நான் தேடிக்கொண்டிருந்த ஆள் அவர்தான். அவர் எங்கள் யார்டில் இருந்திருந்தால் நான் ஒரு நட்டைக்கூடத் தளர்த்தியிருக்க மாட்டேன். தேவையே இருந்திருக்காது.

அவர் மனைவி நேற்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கூட்டிப்போகிறபோது நின்றேன், கான்ஸ்டபிளும் விட்டார். நான் யார் என்று அந்தம்மாவுக்குத் தெரியாது. கைகூப்பிச் சொன்னேன். "உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு டிரைவர நான் பாத்ததில்லம்மா. நிக்க வேண்டிய எடத்துல நின்னாரு. பாக்க வேண்டியதப் பாத்தாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல." அந்தம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க ஒருத்தராவது சொன்னீங்களே அண்ணே. நடு ரோட்டுல குந்துனாருன்னு எல்லாரும் அவரையே குத்தம் சொல்றாங்க" என்றார். எனக்கு மனசு ஆறுதலாக இருந்தது. அவரைக் குறை சொல்கிறவர்கள் யார் என்று தெரிந்தால் நான் கேட்டுவிடுவேன்.

அதன் பிறகுதான் தம்பியை என் எதிரில் உட்காரவைத்தீர்கள். ஷேவ் பண்ணாமல், கண் வீங்கி, சின்னப் பையன் மாதிரி ஆகியிருந்தான். அவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் ஒருவேளை... அதை விடுங்கள். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"அண்ணே, ஒண்ணும் பயப்படாத. அண்ணிக்கு ஆபரேஷன், நீ அலைச்சல்ல இருந்த. மறந்துட்ட. எனக்கு உன் மேல கோவமே இல்லண்ணே. நான் நின்னு பாத்திருக்கணும், தப்பு என்னோடதுன்னும் சொல்லிட்டேன். நீ மறந்துட்டேன்னு மட்டும் சொல்லு, மத்தத நான் பாத்துக்கறேன்."

தப்பு என்னுடையது என்றான் பாருங்கள், அதை அவன் வாயால் கேட்கத்தான் நான் இவ்வளவும் செய்தேன். கேட்டும் விட்டேன். ஆனால் அதோடு சேர்த்து மறந்துட்ட என்றும் சொன்னான். என்னை மன்னிக்கிறானாம். குனிந்தே பார்க்காதவன் என்னை மன்னிக்கிறான். மற்றதை அவன் பார்த்துக்கொள்வானாம், ஒருநாளாவது எதையாவது பார்த்திருக்கிறானா? அவன் சக்கரத்தின் முன் நான் பத்து டக் சத்தம் கொடுத்தபோது பக்கத்தில்தானே நின்றான்? அந்தக் காது என்ன செய்துகொண்டிருந்தது?

இப்போது நாளைக்கு என்ன நடக்கும், யோசித்துப் பாருங்கள். நான் மறந்துவிட்டேன் என்று சொல்லி வெளியே போகிறேன். யார்டில் எல்லோரும் பாவம் என்பார்கள். வயதாகிவிட்டது என்பார்கள். மாப்ளே எவ்வளவு பெரிய மனசு, அண்ணனைக் காப்பாற்றிவிட்டான் என்பார்கள். அவனுக்கு இன்னொரு கடிகாரம்கூடக் கொடுத்தாலும் கொடுப்பார்கள். நான் அதற்கும் கை தட்ட வேண்டும்.

என்னால் முடியாது மேடம். ஜெயில் எனக்குப் பெரிதில்லை. அங்கேயும் கதவு, கட்டில் என்று நட்டு இருக்கும்.

கடைசியாக நீங்கள் கேட்டது அம்பு பற்றி. கழன்று விழுந்த நட்டுகளில் சில ரோட்டோரம் கிடைத்திருக்கின்றன, தலையில் அம்பும் அப்படியே இருந்திருக்கிறது. வண்டி வாசலைத் தாண்டும்போது எல்லா அம்பும் நேராக இருந்ததைச் செக்யூரிட்டி பார்த்திருக்கிறார். சோதனை என்றால் அம்புகளைத் திரும்பியபடியே விட்டிருக்க வேண்டாமா, அவன் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று? ஏன் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி நேராக மாட்டினாய்? நல்ல கேள்வி. வக்கீலுக்கு இது தோன்றவில்லை. கிளம்பும்போது அவன் ஒருவேளை திரும்பிப் பார்த்துவிட்டால்? பார்ப்பவன் இல்லை, ஆனாலும் அன்றைக்கென்று பார்த்துவிட்டால்? அம்பைப் பார்த்துப் பிடித்திருந்தால் அது அவன் திறமை ஆகாது, அம்பின் திறமை. இறங்கி, குனிந்து, கையால் தொட்டுப் பிடிக்க வேண்டும். அதனால் நேராக்கி வைத்தேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. அப்படிப் பார்க்காதீர்கள்.

சரி, எத்தனை என்று கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். பத்து. பத்தையும் நான்தான் தளர்த்தினேன். தளர்த்தும்போதும் நேரெதிர் வரிசையில்தான் தளர்த்தினேன், விரலால் திருப்பினால் கழன்று வருகிற அளவுக்கு ஒவ்வொன்றையும் கொண்டுவந்தேன். எந்த நட்டை எவ்வளவு விட்டேன் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். பிறகு ரெஞ்சைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தேன். தம்பி டீ குடித்துவிட்டு வந்து ஏறினான். "வரேண்ணே" என்று கையசைத்தான். நானும் பார்த்துப் போடா என்று கையசைத்தேன். வண்டி வாசலைத் தாண்டியதும் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மறதி என்ற சொல் எங்கேயும் வரக் கூடாது. நான் எதையும் மறந்ததில்லை. நம்பிக்கை இல்லையென்றால் ஆளை அனுப்புங்கள், வண்டி உங்கள் வளாகத்தில்தானே நிற்கிறது. மற்றச் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஒரே ஒரு நட்டு தளர்ந்திருந்தாலும் நான் குற்றவாளி என்று ஒப்புக்கொள்கிறேன்.